மூன்றாம் மாடிக் கதவு

பணிப்பெண் விமானத்தின் கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான் அவளுக்கு அந்தச் சிவப்பு ஒயரின் நினைவு வந்தது. கதவு மூடிய சத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும். கனமான உலோகம் தன் இடத்தில் போய் உட்காரும் அந்தச் சத்தத்தை அவள் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பிழைப்பே அதுதான். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பொறியாளர். சில நாட்களாக வெளியூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில், பழைய லிஃப்ட்டுக்குப் புதுக் கதவுகள் மாட்டி, ஓட்டிப் பார்த்து, அன்று சாயங்காலம் ஒப்படைத்துவிட்டு, மேலாளரோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

விமானம் ஏற்கெனவே வெகுநேரம் தாமதம். காத்திருந்து காத்திருந்து எல்லோருடைய முகமும் வெளுத்திருந்தது. உள்ளே வந்ததும் பாதிப் பேர் தலையைச் சாய்த்துவிட்டார்கள். ஜன்னலோரத்தில் மேலாளர் பெல்ட்டைப் போட்ட கையோடு வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நடைபாதைப் பக்கம் அவள். நடு இருக்கை காலியாக இருந்ததில் மேலாளரின் கோட்டும் அவளுடைய கைப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. விமானம் மெல்ல நகர்ந்து, முன்னால் நின்ற விமானங்களின் பின்னால் வரிசையில் போய் நின்றது.

சிவப்பு ஒயரை எடுத்தோமா?

ஒரு முழ நீளம்கூட இருக்காது அந்த ஒயர். இரண்டு முனையிலும் கிளிப். லிஃப்ட்டின் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு மின்தொடர்பு இருக்கிறது. கதவு முழுதாகச் சாத்தினால்தான் அது கூடும். கூடினால்தான் லிஃப்ட் நகரும். சோதனையின்போது ஏதாவது ஒரு கதவு தகராறு செய்தால், மொட்டைமாடி அறையில் இருக்கும் மின்பெட்டியில், அதாவது பேனலில், அந்த ஒயரை மாட்டி, கதவு சாத்தித்தான் இருக்கிறது என்று லிஃப்ட்டை ஏமாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால், அந்த மாடியில் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பக்கூடும். ஒருவர் உள்ளே கால் வைக்கும்போது. அல்லது ஒரு டிராலி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்போது.

அன்று தகராறு செய்தது மூன்றாம் மாடிக் கதவு. ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் மாடி.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த மொட்டைமாடிக்கு ஏறினாள். தகரக் கதவு. உள்ளே எண்ணெய் வாசனை. பேனலைத் திறந்தது, ஒயரை மாட்டியது, கிளிப் ஒன்று வழுக்கியதும் கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டியது எல்லாம் அச்சாக நினைவிருந்தது. பிறகு கீழே வந்து கதவைச் சரிசெய்தது. பிறகு மறுபடி மேலே போனது. போனாளா? பேனலின் மூடியைச் சாத்திப் பூட்டியது நினைவிருந்தது. ஆனால் அது இன்றைய மூடியா, நேற்றைய மூடியா? கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு மாடியிலும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, லிஃப்ட் நகர மறுக்கிறதா என்று பார்ப்பது. கீழ்த்தளத்தில் பார்த்தாள். முதல் மாடியில் பார்த்தாள். இரண்டாம் மாடியில் பார்த்தாள். அங்கே நிற்கும்போதுதான் தலைமை மருத்துவர் வந்துவிட்டார், எல்லோரும் லிஃப்ட் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே கூப்பிட்டார்கள். போட்டோவுக்கு நின்றது நினைவிருக்கிறது. யாரோ அவளை நடுவில் நிற்கச் சொன்னதும், மேலாளர் டாக்சிக்காரனைக் காத்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டியதும் நினைவிருக்கிறது. மூன்றாம் மாடி நினைவில் இல்லை. அங்கே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடியது போல இருந்தது.

உடனே அவள் தனக்குள், 'வந்துட்டியா' என்றாள்.

அந்தச் சந்தேகத்தை அவளுக்குப் புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிற ஆள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவாள். அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து திறந்து படிப்பாள். ஒரு தடவை நடுராத்திரியில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போன் போட்டு, பிரேக் நட்டு ஒன்றை முறுக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லி லிஃப்ட்டை நிறுத்த வைத்தாள். காலையில் ஆள் போய்ப் பார்த்தால் நட்டு இறுக்கமாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் காலையில் எட்டு மாடி ஏறியவர்களிடமெல்லாம் மேலாளர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு ஆபீசில் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்று பெயர். மேலாளருக்கும் பெயர் உண்டு. எதைக் கேட்டாலும் "ஆச்சு, ஆச்சு" என்பதால் அவர் 'ஆச்சு சார்'. மறுபடியையும் ஆச்சுவையும் ஒரே வேலைக்கு அனுப்பினால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று ஆபீசில் சிரிப்பார்கள்.

கடைசியில் கணவன்தான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் அதிகம் பேசாதவர். "சந்தேகம் வந்தா அதுக்குப் பதில் சொல்லாதீங்க. திரும்பிப் போய்ப் பாக்காதீங்க. யார்கிட்டயும் கேக்காதீங்க. வாசல்ல நின்னு கத்தட்டும். கதவைத் திறக்கலைன்னா அதுவே அலுத்துப்போய்க் கிளம்பிடும்" என்றார். முதலில் உயிர் போவது போல இருந்தது. போகப் போகப் பழகியது. கணவன் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். நாள் முழுவதும் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்பதுதான் அவன் வேலை. "முதல்ல சொல்றாங்களே, அதுதான் சரியா இருக்கும். யோசிச்சு மாத்திச் சொல்றதெல்லாம் தப்பாப் போகும். நீயும் அப்படித்தான். ஒரு தடவை செஞ்சாச்சா? விடு" என்பான். விடு, விடு என்று அவன் சொல்லிச் சொல்லி, இந்தச் சில மாதங்களாக அவள் பாதி வழியில் எங்கும் திரும்பவில்லை. அவன் அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனவே இப்போதும் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள். முன் இருக்கையின் பின்புறம் செருகியிருந்த பாதுகாப்பு அட்டையைப் பார்த்தாள். அதில் ஒரு பெண் எந்தக் கலவரமும் இல்லாத முகத்துடன் முகமூடியை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். கத்தட்டும், கத்தட்டும். விமானம் ஓர் அடி நகர்ந்து நின்றது. ஆனால் இது எப்போதும் போலக் கத்தவில்லை. பழைய சந்தேகம் வந்தால் நெஞ்சுக்குள் இரைச்சலாக இருக்கும், ஒரே கேள்வி திரும்பத் திரும்பச் சுற்றும். இது சத்தமில்லாமல் ஓரத்தில் நின்றது. அல்லது, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் தோன்றுமோ? இது மட்டும் வேறு என்றுதானே அன்றைக்கு அந்த நட்டு விஷயத்திலும் நினைத்தாள்?

ஒயர் பையில் இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவரை எல்லாம் மேலே எடுத்துப் போக விடமாட்டார்கள் என்பதால் கருவிப் பை விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. கால்களுக்குக் கீழே எங்கேயோ, தொட முடியாத இடத்தில் கிடந்தது.

மேலாளரின் கையைத் தொட்டாள். அன்றைய நட்டு விவகாரத்துக்குப் பிறகு அவர் சொல்லியிருந்தார், எதுவானாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று.

"சார்."

"இறங்கியாச்சா?"

"இல்ல சார். இன்னும் கிளம்பவே இல்ல. மூணாவது மாடிக் கதவுக்கு ஒயர் போட்டிருந்தேன்ல. அதை எடுத்தனான்னு ஞாபகம் இல்ல."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எடுத்தாச்சும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"நீ எடுத்திருப்பன்னு எனக்குத் தெரியும். அப்ப நான் பாத்த மாதிரிதானே."

"கடைசிச் சோதனையை ரெண்டாவது மாடியோட விட்டுட்டு போட்டோக்கு வந்துட்டேன் சார். மேல திரும்பிப் போன மாதிரியே இல்ல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. காய்ச்சல்காரியிடம் பேசுவது போல மெதுவாகத்தான் பேசினார். "டாக்டர் என்ன சொன்னாருன்னு நீதானே எங்கிட்ட சொன்ன? பதில் சொல்லக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு. இவ்வளவு நாள் நல்லா இருந்துட்டு இப்ப ஏம்மா? அசதி. தூங்கி எழுந்தா சரியாயிடும். காலையில நானே போன் பண்ணி அந்த எலக்ட்ரீஷியனைப் போய்ப் பாக்கச் சொல்றேன். ஆச்சா?"

"காலையிலயா?"

"ராத்திரியில யாரும்மா லிஃப்ட்ல போறாங்க?"

அது ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்தது போல முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். நிறைமாதம். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, சுவரை ஒட்டி, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக. காலில் ஆம்பளைச் செருப்பு. கணவனுடையதாக இருக்கும், அவளுடைய கால் வீங்கியிருந்தது. கதவின் முன்னால் முழங்காலிட்டுத் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்த இவளைப் பார்த்து நின்று, "எப்பக்கா ஓடும் இது?" என்று கேட்டாள். "இன்னிக்கே ஓடிடும்." "நல்லதாப் போச்சு. எங்க அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறி ஏறி இறங்குறாங்க. நான் பெத்துக்கிறதுக்குள்ள அவங்க படுத்துருவாங்க போல" என்று சொல்லி, சிரிக்கும்போதே வலி வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

விமானத்தில் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனின் எண் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். விமானப் பணிப்பெண் நடைபாதையில் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள் பக்கத்தில் நின்றாள்.

"மேடம், போனை அணைச்சுடுங்க. கிளம்பப் போறோம்."

"ஒரு ஆஸ்பத்திரி விஷயம். ஒரே நிமிஷம்."

"மேடம், ப்ளீஸ்."

"ஒரு உயிர் விஷயம்மா."

பணிப்பெண் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு விமானத்தின் முன்பக்கத்தைப் பார்த்தாள். "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே, பின்னால் இருப்பவர்களுக்கு மறைப்பாக நின்றுகொண்டாள்.

"ஹலோ." தூக்கத்திலிருந்து எழுந்த குரல் இல்லை. ஓடி வந்த குரல்.

"நான்தான், லிஃப்ட் கம்பெனியிலிருந்து. லிஃப்ட் ஓடிக்கிட்டிருக்கா?"

"ஓடுது மேடம். சூப்பரா ஓடுது. இப்பக்கூட ஒரு அவசர கேஸு. ரெண்டாவது மாடியிலிருந்து தியேட்டருக்கு ஏத்தணும். டிராலியை எடுத்துட்டு வராங்க. அப்புறம் பேசட்டுமா?"

"ஏத்தாதீங்க."

"என்னது?"

"லிஃப்ட்டை நிறுத்துங்க. மூணாவது மாடிக் கதவுல ஒரு தப்பு இருக்கலாம். மெயினை ஆஃப் பண்ணிடுங்க."

அந்தப் பக்கத்தில் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. யாரோ முனகினார்கள். யாரோ, "லிஃப்ட் எங்க?" என்றார்கள்.

"மேடம், அந்தம்மாவுக்கு அவசரமா ஆபரேஷன். பிள்ளைக்கு மூச்சு குறையுதாம். தப்பு இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார்.

"தெரியாது" என்றாள். "நிச்சயமாத் தெரியாது. ஆனா நிறுத்துங்க."

"பின்ன எப்படி மேல கொண்டு போறது?"

"படியில தூக்கிட்டுப் போங்க."

அந்தப் பக்கம் டிராலியின் சக்கரங்கள் நின்றன. விமானத்தின் இன்ஜின் சத்தம் ஏறத் தொடங்கியது.

"நீங்கதான் சொன்னீங்கன்னு இங்க சொல்லலாமா?" என்றான்.

"சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க. அவங்களை ஏத்தினதும் மொட்டைமாடிக்குப் போய்ப் பேனலைத் திறந்து பாருங்க. உள்ள சிவப்பா ஒரு ஒயர்..."

"மேடம்" என்றாள் பணிப்பெண். கெஞ்சுவது போலக் கையை நீட்டினாள். இணைப்பு ஏற்கெனவே அறுந்திருந்தது. சிவப்பு என்பது வரை அவனுக்குக் கேட்டதா, படி என்பது வரைதான் கேட்டதா, நிறுத்துங்க என்பதாவது கேட்டதா, ஒன்றும் தெரியவில்லை. விமானம் ஓடத் தொடங்கியது. அவளுடைய முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கீழே விளக்குகள் சாய்ந்து, சிறுத்து, மேகத்துக்குள் போய்விட்டன.

அந்த ஆஸ்பத்திரிப் படிகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். லிஃப்ட் ஓடாத இத்தனை நாட்களும் கருவிப் பையைச் சுமந்துகொண்டு அதில்தான் ஏறி இறங்கினாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு திருப்பம். பழைய கட்டடம் என்பதால் குறுகல். ஒரு ஆள் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் திருப்பத்தில் டிராலி திரும்பாது. போர்வையில் வைத்துத்தான் தூக்க வேண்டும். நாலு பேர் வேண்டும். ராத்திரியில் அங்கே நாலு பேர் இருப்பார்களா? தலைப்பக்கம் உயர்த்த வேண்டுமா, கால்பக்கமா? நர்ஸுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் யாரோ அந்தப் படியைக் கழுவிவிட்டிருந்தார்கள். காய்ந்திருக்குமா?

வெகுநேரம் கழித்து மேலாளர் பேசினார். "ஒயர் எடுத்திருந்தா?"

அவள் காலுக்குக் கீழே தரையைப் பார்த்தாள்.

"எடுத்திருந்து, படியில தூக்கிட்டுப் போறப்ப ஏதாவது ஆச்சுன்னா? அது யாரும்மா பதில் சொல்றது? நல்லா ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்ட்டை நிறுத்தி, உயிருக்குப் போராடுற பொண்ணைப் படியில தூக்க வச்சோம்னு நாளைக்கு வந்து நிப்பாங்க. எங்கிட்ட சொல்லு, நான் சொல்ற வரைக்கும் எதுவும் செய்யாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"உங்ககிட்ட சொன்னேன் சார்."

அவர் மூச்சை விட்டார். பணிப்பெண் சாப்பிடக் கொண்டுவந்து வைத்ததை முதலில் வேண்டாமென்றார். பிறகு வாங்கி, காகிதத்தைப் பிரித்து, ருசியில்லாமல் மென்றார். தின்றுகொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார். "நானும் ஒரு காலத்துல உன்ன மாதிரிதான். மாட்டின லிஃப்ட்டெல்லாம் ராத்திரி கனவுல வரும். கயிறு அறுந்து விழும். பொண்டாட்டியை எழுப்பி உக்கார வச்சுச் சொல்லுவேன். அப்புறம்தான் ஆச்சு, ஆச்சுன்னு சொல்லப் பழகிக்கிட்டேன். அப்படிச் சொல்லலைன்னா ஒரு லிஃப்ட்டையும் ஓட விட முடியாது. எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்தி வச்சுட்டு நாமளும் படியில உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உள்விளக்குகளை அணைத்துவிட்டார்கள். குழந்தை ஒன்று எங்கோ சிணுங்கிச் சிணுங்கி ஓய்ந்தது. அவள் மனத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. ஆம்பளைச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தவளின் முகம். அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த மாடியில் பத்துப் பதினைந்து படுக்கைகள் இருந்தன. ஆனால் முகம் வந்த பிறகு போக மறுத்தது. போர்வையின் நாலு மூலைகளையும் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். திருப்பம் வருகிறது. ஒருவருக்குக் கால் இடறுகிறது. அதோடு படம் நின்றுவிடும். மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கும். ஒயர் விஷயத்தில் தவறு செய்யவில்லை என்றால், அவள் வீணாக ஒரு பெண்ணைக் கொன்றிருக்கலாம். தவறு செய்திருந்தால்தான் காப்பாற்றியிருப்பாள். இதில் எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் மறந்திருக்க வேண்டும், அந்த ஒயர் அங்கேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதை நினைத்து உடனே உடம்பு கூசியது.

ஊர் வந்த பிறகும் இறங்க விடவில்லை. கீழே மழை என்று விமானி அறிவித்தார். மேகத்துக்கு மேலே விமானம் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை சாயும்போது மேலாளரின் ஜன்னலில் தூரத்து மின்னல் ஒன்று சத்தமில்லாமல் வெளுத்து மறைந்தது. அவர் தூங்கவில்லை. விரலால் இருக்கையின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சக்கரம் தரையைத் தொட்டதுமே போனைப் போட்டாள். கணவனிடமிருந்து ஒரு செய்தி: 'சாவி எடுத்துட்டுப் போனியா? நான் முழிச்சுத்தான் இருக்கேன்.' வேறொன்றும் இல்லை. எலக்ட்ரீஷியனின் எண்ணுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது அடித்தாள். நனைந்த தரையில் நின்று அடித்தாள். முனையத்துக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றிருந்தபோது அவனே கூப்பிட்டான். பின்னால் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

"தூக்கிட்டுப் போனோம் மேடம்" என்றான் எடுத்த எடுப்பில். "நானு, வாட்ச்மேன், அந்தம்மா வீட்டுக்காரரு, ஒரு நர்ஸு. திருப்பத்துல வாட்ச்மேனுக்குக் கை வழுக்கிடுச்சு. அப்படியே சுவத்துல சாஞ்சு பிடிச்சுக்கிட்டோம். என் முதுகு போயிடுச்சு. அந்த வீட்டுக்காரரு ஏறும்போதெல்லாம் உங்களைத்தான் திட்டிக்கிட்டு வந்தாரு, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"மயக்க டாக்டர் வர நேரமாயிடுச்சு. இன்னும் தியேட்டர்லதான் இருக்காங்க. கதவு சாத்தியிருக்கு. யாரும் வெளிய வரலை."

"பேனலைப் பாத்தீங்களா?"

"ரத்தம் வாங்க அனுப்பிட்டாங்க. இப்பத்தான் திரும்பி, அதுக்குன்னே மொட்டைமாடிக்கு வந்திருக்கேன். டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டே பூட்டைத் திறக்கணும், இருங்க." பூட்டு இரும்பில் மோதும் சத்தம். மூடி கிறீச்சிட்டது. பஸ்ஸில் யாரோ அவளுடைய தோளை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

"எது மேடம்? இங்க ஒரே ஒயரா இருக்கு."

"வலது பக்கம். கீழ் வரிசை. தனியாத் தொங்குற மாதிரி இருக்கும்."

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"சிவப்பா ஒண்ணு இருக்கு" என்றான் அவன். "ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு. இதுவா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, எதிரே கம்பியைப் பிடித்து நின்ற மேலாளரிடம் நீட்டினாள். "இருக்காம் சார்."

அவர் போனை வாங்கினார். அவளைப் பார்க்கவில்லை. "தம்பி, அதுல கையை வைக்காதே" என்றார் போனில். "மெயின் ஆஃப்ல இருக்கான்னு மறுபடி பாரு. பாத்துட்டேன்னு சொல்லாதே, இப்பப் பாரு, நான் இருக்கேன். ஆஃப்ல இருக்கா? சரி. கயிறு ஏதாவது இருந்தா அந்த ஸ்விட்ச்சைக் கட்டி வை, யாரும் போடாத மாதிரி. ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் ஓடாதுன்னு எழுதி ஒட்டு. நான் நாளைக்கே வரேன்." பஸ் நின்று கதவு திறந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

டாக்சியில் இருவரும் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மழை விட்டிருந்தது, தெருவில் தேங்கிய தண்ணீரில் கடைகளின் அணைக்காத விளக்குப் பலகைகள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. பாதி வழியில் அவளுடைய போனில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு மேலாளரிடம் காட்டினாள். பெண் குழந்தை, கொஞ்ச நேரம் அழாமல் இருந்து பிறகு அழுதுவிட்டது, தாயும் நலம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். டாக்சி டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "நல்ல சேதியா சார்?" என்றார்.

"நல்ல சேதிதான்" என்றார் மேலாளர்.

அவருடைய வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தப் போனவர், குனிந்து உள்ளே பார்த்தார். ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. சொல்ல நினைத்தது வேறாக இருக்கலாம். கடைசியில் கேட்டது இதுதான்:

"அந்த டாக்டர்கிட்ட இதை எப்படிம்மா சொல்லப் போற?"

அதற்குப் பிறகு தன் தெரு வரும்வரை அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரும் வரும் என்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வரவில்லை. அந்தச் சந்தேகத்தை இத்தனை மாதங்களாக வாசலில் நிற்க வைத்துக் கத்தவிட்டிருக்கிறாள். திருப்பி அனுப்பியதில் எத்தனை தடவை அது உண்மையைச் சொல்ல வந்திருக்கும்? போன மாதம் ஒரு பள்ளிக்கூட லிஃப்ட். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடை. அங்கேயெல்லாம் ஏதோ தோன்றி, பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

கணவன் அவள் மணியை அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்தான். தலை கலைந்திருந்தது. பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றான். உள்ளே மகள் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கினாள். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. போனில் 'தெரியாது, ஆனா நிறுத்துங்க' என்று சொன்னதைச் சொன்னபோது மட்டும் அவன் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டதே என்ற வருத்தம். அவளுக்கு அது பழகிய முகம்தான்.

"அப்புறம்?" என்றான் மெதுவாக.

"இருந்துச்சுங்க. ஒயர் அங்கயே இருந்துச்சு."

அவன் கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை மேடையில் வைத்தான்.

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "நான் எத்தனை தடவை உங்கிட்ட விடு, விடுன்னு சொல்லியிருப்பேன்."

"நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

"அதான்" என்றான்.

மகளின் மூச்சுச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடினாள். உடம்பு இன்னும் மேகத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருப்பது போல லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தூக்கம் வரும்போல இருந்த நேரத்தில் கட்டில் அசைந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எங்க போறீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சுட்டு வரேன். நீ தூங்கு."

அவனுடைய காலடிகள் கூடத்துக்குப் போயின. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. பாத்திரச் சத்தமும் இல்லை. பிறகு வாசல் கதவின் தாழ்ப்பாளை யாருக்கும் கேட்கக் கூடாது என்று மெதுவாக விலக்குவதும், மறுபடி தள்ளுவதும், தள்ளிய தாழ்ப்பாளை விரலால் ஒரு தடவை அசைத்துப் பார்ப்பதும் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு, அவன் திரும்பி வருகிறானா, இல்லை இன்னொரு தடவை அசைத்துப் பார்க்கிறானா என்று காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.